சும்மா உக்காந்தவ

அந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்கம்மா, நானும் உக்காந்துக்கிடுதேன். எதுவரைக்கும் போறிய? அம்பாசமுத்திரமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். இன்னைக்கு யாருகிட்டயாவது பேசலேன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். கேக்க இஷ்டமில்லேன்னா ஜன்னலப் பாத்துக்கிட்டு வாங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வாரேன்.

டிரைவருக்குப் பின்னால, மூணாவது சீட்டு. மஞ்சச் சுடிதார், ஒத்தச் சடை. பாத்தியளா? அவதான். சுடலைவடிவுன்னு பேரு, வடிவுன்னு கூப்பிடுவோம். எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டா. நான் கேட்டனா? கேக்கல. பக்கத்துல எடம் போட்டு வச்சுக்கிட்டு, "வாங்க மேடம், உக்காருங்க"ங்கா. அவ பக்கத்துல உக்காருறதுக்குப் பதிலா நான் படியில தொங்கிக்கிட்டு வருவேன். சத்தமாப் பேசுதேன்னு பாக்கியளா? கேக்கட்டும். அவளுக்குக் கேக்கணும்னுதான் பேசுதேன்.

என் பேரு தங்கப்புஷ்பம். ஒரு ஜவுளிக்கடையில பட்டு மாடிக்கு மேடமா இருக்கேன். மேடம்னா படிச்ச மேடம் இல்ல, கவுண்டர் பிள்ளைகள மேய்க்கிற மேடம். கடைப் பேரக் கேக்காதிய. சொல்ல மாட்டேன். கடையோட மானம் என் வாயால போகக் கூடாது. எங்க மொதலாளிய அண்ணாச்சின்னுதான் சொல்லுவோம். அண்ணாச்சியோட உப்பத் தின்னு வளந்தவ நான்.

தாவணி போட்டுக்கிட்டு வேலைக்குச் சேந்தேன். அப்போ அது ஓட்டுக் கூரைக் கடை. இப்போ லிஃப்ட் வச்ச நாலு மாடி. நடுவுல எனக்குக் கல்யாணம் ஆச்சு, மக பொறந்தா, எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்தாரு. எல்லாத்துக்கும் நடுவுல நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன். கடை தொறந்ததுலருந்து அடைக்கிற வரைக்கும். காலக் காட்டட்டுமா? வேண்டாம், பஸ்ஸுல எதுக்கு. முழங்காலுக்குக் கீழ நரம்பு எல்லாம் நீலமா, முடிச்சு முடிச்சா, மண்புழு மாதிரி சுருட்டிக்கிட்டுக் கெடக்கும். டாக்டரு இறுக்கமா ஒரு சாக்ஸ் எழுதிக் குடுத்துட்டு, "ரொம்ப நேரம் நிக்காதிய"ன்னாரு. சிரிப்பு வந்துட்டு எனக்கு. நிக்காம, படுத்துக்கிட்டா பட்டுச்சேலை விரிக்க முடியும்? நான் அதுக்காக யாரு மேலயாவது மனு குடுத்தனா? சாக்ஸ வாங்கி மாட்டிக்கிட்டு மறுநா போயி நின்னேன்.

பிள்ளைகளுக்கும் அதத்தான் பழக்கிக் குடுத்தேன். தண்ணி கொஞ்சமாக் குடிங்க, அடிக்கடி பாத்ரூமுக்குக் கீழ எறங்கி ஓட வேண்டாம்னு. ஒரு கால் வலிச்சா மறு கால்ல பாரத்தப் போடுங்கன்னு. கவுண்டருக்குப் பின்னால செருப்பக் கழத்தி வெறுந்தரையில நின்னா குளுகுளுன்னு இருக்கும்னு. எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நானாப் படிச்சதுதான. இந்த வடிவுக்கும் சொல்லிக் குடுத்தேன். எங்க தெருப் பிள்ளதான். அவ அம்மா வந்து கேட்டான்னு நான்தான் அண்ணாச்சிகிட்ட சொல்லி சேத்து விட்டேன். நான்தான்! அதச் சொல்லணும்.

அண்ணாச்சி தங்கமான மனுசன். ஒரு பிள்ளையையும் அதட்டிப் பேசினதில்ல. கீழ அவுக ரூம்ல பெரிய டிவி ஒண்ணு, எல்லா மாடியும் அதுல தெரியும். எவளாவது அலமாரியில சாஞ்சு நின்னான்னு வச்சுக்கிடுங்க, எங்க மாடி ஃபோன் அடிக்கும். எடுத்தா, "தங்கம்... நாலாம் கவுண்டர்." அவ்வளவுதான். வச்சிருவாவ. அவள நிமுந்து நிக்கச் சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாவ. சொல்லணுமா என்ன? எனக்குத் தெரியாதா? நான் போயி நிமுத்திருவேன். அவுக மனசுல நெனைக்கது என் காதுல விழுந்துரும். அப்பிடி ஒரு பழக்கம்.

இப்பிடி ஒழுங்காப் போய்க்கிட்டு இருக்கயிலதான் அந்தச் சட்டம் வந்துச்சு. கேள்விப்பட்டிருப்பிய. கடையில நின்னு வேலை பாக்கவுகளுக்கு உக்கார எடம் குடுக்கணும், வேலைக்கு நடுவுல சமயம் கெடச்சா அவுக உக்காந்துக்கிடலாம்னு. எந்த மகராசன் யோசிச்சானோ! மத்தக் கடையில எல்லாம் பிளாஸ்டிக் ஸ்டூல வாங்கிப் போட்டாவ. எங்க அண்ணாச்சி அப்பிடிச் செய்வாவளா? மெத்த வச்ச ஸ்டூல், அரக்கு ரெக்சின், கவுண்டருக்கு ஒண்ணுன்னு எறக்கிட்டாவ. பாலித்தீன் கவரோட வந்துச்சு. "பிரிக்கட்டுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "அழுக்காயிரும்லா தங்கம்"னாவ. சரிதான. புதுச் சாமான அழுக்காக்கணுமா? அப்பிடியே வச்சோம். பெறவு, கவுண்டருக்குப் பின்னால எடத்த அடைக்குன்னு முன்னால எடுத்து வச்சு, ஒவ்வொரு ஸ்டூல் மேலயும் ஒரு பட்டுச்சேலைய விசிறி மாதிரி மடிச்சுப் போட்டோம். பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. சட்டத்துல ஸ்டூல் இருக்கணும்னுதான போட்டுருக்கு? இருந்துச்சுல்லா?

இது என்ன ஊரு? பேட்டை தாண்டிட்டா. சரி.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணாச்சி சட்டத்துக்கு மேலயே செஞ்சாவ. வியாபாரிக சங்கத்துல "நன்னெறி உறுதிமொழி"ன்னு ஒண்ணு கொண்டு வந்தாவ. கவர்மெண்டு போட்டது இல்ல அது, யாரும் கட்டாயப்படுத்தல. நல்ல கடைன்னு பேரெடுக்க ஆசப்படுறவுக அவுகளாவே கையெழுத்துப் போடுறது. அளவு கொறைக்க மாட்டோம், சாயம் போனா மாத்திக் குடுப்போம், வேலை பாக்குற பிள்ளைக எங்க குடும்பம், ஆளு இல்லாத நேரத்துல உக்காந்து ஓய்வு எடுத்துக்கிடலாம், அப்பிடின்னு வரிசையா இருக்கும். எங்க வட்டாரத்துல மொத ஆளாக் கையெழுத்துப் போட்டது எங்க அண்ணாச்சி. கல்யாண மண்டபத்துல விழா. மைக்கு முன்னால நின்னு அத வாசிச்சது யாரு தெரியுமா? நான்! "தங்கம் வாசிக்கட்டும், அவ நம்ம வீட்டுப் பிள்ள"ன்னு அண்ணாச்சி மேடையிலயே சொன்னாவ. என் மக அத செல்லுல எடுத்து வச்சிருக்கா. வாசிச்சு முடிச்சதும் அந்தக் கைத்தட்டு!

நல்ல கடைக்குச் சங்கத்துல குடுக்குற விருதுக்கு ஃபோட்டோ வேணும்னு சொன்னாவ. சேலைய எல்லாம் எடுத்துட்டு, பிள்ளைகள ஸ்டூல்ல உக்கார வச்சு, சிரிக்கச் சொல்லி எடுத்தோம். கவரு பளபளன்னு தெரியுமேன்னேன். ஃபோட்டோக்காரரு அதெல்லாம் தெரியாம எடுத்துருவேன்னாரு. எடுத்து முடிச்சதும், "எந்திரிங்கட்டி, சேலைய மடிச்சுப் போடுங்க"ன்னேன். எல்லாவளும் எந்திரிச்சாளுக. இவ மட்டும் கடைசியா எந்திரிச்சா. ஸ்டூல ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அப்பமே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

புரட்டாசி மாசம். முகூர்த்தம் கெடையாது, பட்டு மாடியில ஈ ஓட்டக்கூட ஆளு இல்ல. மத்தியானம் சாப்பிட்டு வந்து நிக்கேன். ஃபோன் அடிக்கு. "தங்கம்... நாலாம் கவுண்டர்." திரும்பிப் பாத்தா, இவ உக்காந்திருக்கா. ஸ்டூல் மேல கெடந்த சேலைய அழகா மடிச்சு அலமாரியில வச்சுட்டு, ஸ்டூலக் கவுண்டருக்குப் பின்னால இழுத்துப் போட்டு, கால் மேல கால் கூடப் போடல, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கவ மாதிரி உக்காந்திருக்கா.

கிட்டப் போயி மெதுவாத்தான் கேட்டேன். "என்னட்டி, கால் வலிக்கா?"

"இல்ல மேடம்."

"தலச்சுத்தா? சாப்பிடலியா?"

"சாப்பிட்டேன் மேடம்."

"மாசாந்திர வலியா? இருந்தா சொல்லு, ஒரு மாத்திர தாரேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

"பின்ன எதுக்குட்டி உக்காந்த?"

"சும்மாதான் மேடம். ஆளு இல்லல்லா. உக்காந்தேன்."

சும்மாவாம்! கேட்டியளா? நானும் ஒரு பொம்பளதான. ஒரு காரணம் சொல்லியிருந்தா நான் மறைச்சு நின்னு காப்பாத்தியிருக்க மாட்டனா? எத்தன பிள்ளைகள அப்பிடிக் காப்பாத்திருக்கேன்! மயக்கம்னா கோடவுனுக்குள்ள துணிமூட்ட மேல படுக்க வச்சிருக்கேன். அதுக்கு ஒரு முறை இருக்கு. முடியலேன்னு வரணும், கண்ணு கலங்கணும், நானும் பாத்து செய்வேன். இவ என்னடான்னா ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, சும்மா உக்காந்தேன்ங்கா! அதுவும் மொறைச்சுக்கிட்டோ ஏசிக்கிட்டோ இல்ல. நேரம் கேட்டா நேரம் சொல்லுவாவளே, அந்த மாதிரி சொல்லுதா.

"எந்திரி"ன்னேன். "ஆளு வந்தா எந்திரிக்கேன் மேடம்"னா. "சட்டம் இருக்குல்லா மேடம்? உறுதிமொழிய நீங்கதான மைக்குல வாசிச்சிய?"ன்னா. பக்கத்துக் கவுண்டர்காரி ஒருத்தி களுக்குன்னு சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்ப இப்ப நெனச்சாலும் காது சுடுது. ஃபோன் மறுபடி அடிக்க ஆரம்பிச்சுட்டு. நான் அத எடுக்க ஓடவா, இவள எழுப்பவா?

மறுநாளு அவள வாசலுக்குப் போட்டேன். சந்தனமும் கல்கண்டும் வச்சுக்கிட்டு வாறவுகள "வாங்க வாங்க"ன்னு கூப்பிடுற வேலை. அங்க ஸ்டூலும் கெடையாது, சாய சுவரும் கெடையாது. கண்ணாடிக் கதவு, அதுக்கு வெளிய வெயிலு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், உங்க மொகத்துலயே தெரியுது. அது தண்டனை இல்லம்மா. அவ லெட்சணமான பிள்ள, வாசல்ல நின்னா கடைக்கு அழகு. அண்ணாச்சியும் ஃபோன்ல ஒண்ணும் சொல்லல. அப்போ சரின்னுதான அர்த்தம்? நின்னா. தீபாவளி வரைக்கும் நின்னா. ஒரு நா கூட என்கிட்ட வந்து, "மேல கூப்பிட்டுக்கிடுங்க மேடம்"னு கேக்கல. கேட்டிருந்தா கூப்பிட்டிருப்பேன். கேக்கணும்லா! கல்கண்டுத் தட்டப் புடிச்சுக்கிட்டு சிரிச்சு சிரிச்சு நின்னுட்டு, பேசாமப் போயி லேபர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டா.

மறைக்கக்கூட இல்ல. பெறவு, "நீதானட்டி குடுத்த?"ன்னு கேட்டா, "ஆமா மேடம்"ங்கா. பொய் சொன்னாலாவது ரெண்டு அறை விடலாம்.

கார்த்திகை மொத முகூர்த்தம் முடிஞ்ச மறுநாளு. ஒரு அம்மா பட்டு மாடிக்கு வாராவ. காட்டன் சேலை, தோள்ல ஒரு பை. டீச்சரம்மான்னு நெனச்சேன். "வாங்கம்மா, என்ன வெலையில பாக்கிய?"ன்னு நானே முன்னால போனேன். அவுக சேலையப் பாக்கல. ஸ்டூல் மேல கெடந்த பட்டத் தூக்கிட்டு, ஸ்டூலப் பாத்தாவ. வெரல வச்சுத் தடவினாவ. "இது எதுக்கும்மா போட்டுருக்கீங்க?"ன்னாவ. "எங்க பிள்ளைக உக்காருறதுக்குத்தாம்மா"ன்னேன். "உக்காருவாங்களா?" "எப்பவும் உக்காருவாவ. எங்க கடையில பிள்ளைகளக் குடும்பமாப் பாக்கோம்"னேன். "கவரே பிரிக்கலையே, எப்படி உக்காந்தாங்க?"ன்னாவ. "அழுக்காகாம உக்காருவாவ"ன்னேன். என்ன சொல்லச் சொல்லுதிய? வாயில அதுதான் வந்துச்சு.

அப்பந்தான் அடையாளச் சீட்டக் காட்டினாவ. லேபர் ஆபீசரம்மா. ஆனாலும் அண்ணாச்சிய விட்டுக் குடுக்கல பாத்துக்கிடுங்க. ஒரு கேள்விக்குக்கூட அவுக பேரு என் வாயில வரல. வாசல்ல மாட்டியிருக்க உறுதிமொழியக் காட்டினேன், ஃபோட்டோவக் காட்டினேன். அவுக ஒண்ணொண்ணா எழுதிக்கிட்டாவ. போகையில என்னைப் பாத்து, "நீங்க எங்கம்மா உக்காருவீங்க?"ன்னாவ. "நான் எதுக்கு உக்காரணும்?"னேன். அதையும் எழுதிக்கிட்டாவ.

அன்னைக்கு சாயங்காலமே அண்ணாச்சி ரூமுக்குக் கூப்பிட்டாவ. அவுக மகன், சின்னவரு செல்வின், லாப்டாப்புல என்னத்தையோ தட்டிக்கிட்டு இருந்தாரு, தலை நிமிரல. அண்ணாச்சி, "தங்கம், நீ கொஞ்ச நாள் வீட்டுல இரு. காலுக்கும் ரெஸ்ட் ஆச்சு. நான் ஆளனுப்புதேன்"னாவ. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. இத்தன வேலைக்கு நடுவுல என் காலு வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காவளே! மககிட்ட அன்னைக்கு முழுக்க அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ, "யம்மா, ஒன்ன வேலைய விட்டு நிறுத்திட்டாங்கம்மா"ங்கா. நான் அவள வஞ்சேன். அவளுக்கு என்ன தெரியும், நேத்துப் பொறந்தவ.

மார்கழி போச்சு, பொங்கல் போச்சு. ஆளு வரல. லேபர் ஆபீஸ்லருந்து தபால்தான் வந்துச்சு, இன்னைக்கு விசாரணை, வரணும்னு.

வந்தேன். இருக்கதுல நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, கடைப் பிள்ள எப்பிடி வரணுமோ அப்பிடி வந்தேன். அண்ணாச்சியும் சின்னவரும் வக்கீலோட இருந்தாவ. வணக்கம் சொன்னேன். தலைய ஆட்டினாவ. வடிவும் இன்னும் ரெண்டு மூணு கவுண்டர் பிள்ளைகளும் சுவரோரமா நின்னாளுக. அங்கயும் நிக்கத்தான் செஞ்சாளுக பாருங்க, ஆபீஸ்ல நாற்காலி பத்தல.

வக்கீலு எந்திரிச்சு ஒரு பதில வாசிச்சாரு. எங்கள் நிறுவனம் சட்டப்படி இருக்கை வழங்கியுள்ளது. சட்டம் கேட்காத உறுதிமொழியையும் தானாக முன்வந்து ஏற்றுள்ளது. மேற்படி தளத்தின் மேற்பார்வையாளர் தங்கப்புஷ்பம் என்பவர், நிறுவனத்தின் கொள்கைக்கு மாறாக, தன்னிச்சையாக ஊழியர்களை உட்கார விடாமல் தடுத்துள்ளார். அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். இப்பிடிப் போகுது.

என்பவராம். தங்கப்புஷ்பம் என்பவர்!

தன்னிச்சைன்னா என்னன்னு எனக்கு உடனே வெளங்கல. பக்கத்துல நின்ன பியூனைக் கேட்டேன். "உங்க இஷ்டத்துக்குச் செஞ்சீங்கன்னு அர்த்தம்மா"ன்னாரு. என் இஷ்டத்துக்கா? அந்தக் கடையில என் இஷ்டத்துக்கு நான் ஒரு குண்டூசி குத்தினதில்லம்மா!

ஆபீசரம்மா என்னைக் கூப்பிட்டாவ. "இது உங்க முடிவா? மொதலாளி உங்ககிட்ட யாரையும் உக்கார விடாதன்னு சொன்னாரா?"

அண்ணாச்சியப் பாத்தேன். அவுக ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தாவ. யோசிச்சுப் பாத்தேன் பாத்துக்கிடுங்க. நெசமாவே யோசிச்சேன். அவுக ஒரு நா கூட வாயத் தொறந்து உக்காராதன்னு சொன்னதில்ல. நாலாம் கவுண்டர்னாவ, அஞ்சாம் கவுண்டர்னாவ. நான்தான் போயி எழுப்பினேன். இல்லாததச் சொல்லுவனா? "சொன்னதில்லம்மா"ன்னேன். "அப்ப நீங்களாத்தான் செஞ்சீங்களா?"ன்னாவ. அண்ணாச்சி மொகத்த மறுபடி பாத்தேன். அவுக என்னைப் பாத்து ஒரு வார்த்த, இல்ல தங்கம்னு ஒரு வார்த்த... சரி விடுங்க. "ஆமா, நான்தான் செஞ்சேன்"னேன். வக்கீலு சட்டுன்னு எழுதிக்கிட்டாரு. அவருக்கு அம்புட்டுச் சந்தோசம்.

அதோட முடிஞ்சிருக்கும். என் வேலை போனாப் போகட்டும், கடைப் பேரு நின்னிருக்கும். நான் நின்னு காப்பாத்திட்டேன்னு அண்ணாச்சிக்கு மனசுல இருக்கும்லா? அது போதும் எனக்கு.

சுவரோரமா நின்னாளே இவ, "அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?"ன்னா. ஆபீசரம்மா சொல்லுன்னாவ.

"மேடம் சொல்லுதது பொய்மா. அவங்களா எதுவும் செய்யல. ஃபோன் வரும், பெறவுதான் வந்து எழுப்புவாங்க. நாங்க எல்லாருமே பாத்திருக்கோம். எங்களுக்காவது ஸ்டூல் வாங்கி, கவரு போட்டாவது வச்சாங்க. மேடத்துக்கு அதுவும் வாங்கல. அவங்க காலப் பாத்தியளாம்மா? எங்க எல்லாரையும் விடக் கூட நின்னது அவங்கதான். அவங்களையும் எங்ககூடச் சேத்து எழுதிக்கிடுங்க."

மத்தப் பிள்ளைகளும், "ஆமாம்மா, ஆமாம்மா"ங்காளுக.

எனக்கு அப்பிடியே பூமி பிளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. அண்ணாச்சி முன்னால, சின்னவரு முன்னால, என் காலப் பத்திப் பேசுதா! அந்த ஆபீசரம்மா குனிஞ்சு என் காலப் பாக்காவ. நான் சேலையத் தழைய விட்டேன். "நான் அந்தப் பிள்ளைககூடச் சேத்தி இல்லம்மா, நான் மேடம்"னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். "அண்ணாச்சியக் கேளுங்க, நான் அவுக வீட்டுப் பிள்ள மாதிரி"ன்னேன். ஆபீசரம்மா அண்ணாச்சியப் பாத்தாவ. "அப்படியா?"ன்னு கேட்டாவ. சின்னவருதான் பதில் சொன்னாரு. "அவங்க சம்பளத்துக்கு வேலை பாக்கிற ஸ்டாஃப்தான் மேடம்"னாரு.

ஸ்டாஃப்தான். அதுல "தான்" எதுக்குச் சேத்தாருன்னு இருக்கு எனக்கு. அவரு தவழுறப்ப, பிள்ளையப் பாத்துக்க தங்கம்னு என்கிட்ட விட்டுட்டுத்தான் அவுக அம்மா கோயிலுக்குப் போவாவ.

ஆபீசரம்மா எழுதி வாசிச்சாவ. பொறுப்பு கடைக்காரருக்குத்தான், வேலை பாக்குறவுக தலையில தூக்கிப் போட முடியாது. எல்லா ஸ்டூலையும் கவரப் பிரிச்சு கவுண்டருக்குப் பின்னால போடணும், மறுபடி வந்து பாப்போம். இந்தம்மாவையும் வேலைக்கு எடுத்துக்கிடணும். இவங்களும் தொழிலாளிதான், இவங்களுக்கும் உக்கார எடம் குடுக்கணும். அண்ணாச்சி கையக் கட்டிக்கிட்டு, "அப்படியே செஞ்சிருவோம் மேடம்"னாவ. கையக் கட்டிக்கிட்டு நின்னாவம்மா! எங்க அண்ணாச்சி! அதப் பாக்கவா நான் நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்தேன்?

வெளிய வந்தோம். அவுக கார் நின்னுச்சு. தீபாவளி யாவாரம் முடிஞ்சா அந்தக் கார்லதான் என்னைய வீட்டுல எறக்கி விடச் சொல்லுவாவ. பழக்க தோசத்துல நான் கார் பக்கம் போயி நின்னேன். போற ஊரு ஒண்ணுதான? கண்ணாடிய எறக்கினாவ அண்ணாச்சி. "திங்கக்கெழம வந்துரு தங்கம். ஒனக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்லுதேன்"னாவ. சிரிச்சாவ. அவுக சிரிச்சா சத்தம் வராது. கண்ணாடி ஏறிட்டு.

தப்பா நெனைக்காதிய. கார்ல எடம் இல்லாம இருந்திருக்கும். வக்கீலும் கூடப் போனாருல்லா.

பஸ் ஸ்டாப்புல இவ வந்து பக்கத்துல நிக்கா. எனக்குக் கோவத்துல கண்ணு மண்ணு தெரியல. "எதுக்குட்டி என்னைய உங்க கூட்டத்துல சேத்த? எவ கேட்டா ஒன்ன?"ன்னேன். பஸ் ஸ்டாப்புல அத்தன பேரும் திரும்பிப் பாக்காவ.

அவ கோவப்படல. "வேற எந்தக் கூட்டத்துல மேடம் இருந்திய?"ன்னா.

கைய ஓங்கிட்டேன். சத்தியமாச் சொல்லுதேன், ஓங்கிட்டேன். அவ நவுரல. அப்பிடியே நின்னுக்கிட்டு, "திங்கக்கெழம நீங்க உக்காந்தா ஃபோன் யாருக்கு மேடம் வரும்?"னு கேட்டா. கேட்டுட்டு சிரிக்கா! எனக்கு அந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள பூந்துக்கிட்டு. பஸ் வந்துட்டு, ஏறிட்டோம், சேரன்மாதேவி போச்சு, வீரவநல்லூர் போச்சு, இன்னும் கொடையுது. யாருக்கு வரும்? எங்க மாடியில ஃபோன எடுக்கது நான் ஒருத்திதான். உக்காந்துக்கிட்டே எடுத்தா, அண்ணாச்சி என்னன்னு சொல்லுவாவ? எந்தக் கவுண்டர்னு சொல்லுவாவ?

சொல்லட்டும். வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லட்டுமே. இத்தன வருசத்துல ஒரு தடவ...

நான் எதுக்கு உக்காரப் போறேன்? உக்கார மாட்டேன். இவளுக்காக நான் என் பழக்கத்த விடுவனா?

நீங்களே சொல்லுங்கம்மா. இவ செஞ்சது தப்புதான? பேசாம ஒரு காரணம் சொல்லிட்டு எந்திரிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? என்னம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய? இவ்வளவு நேரம் ம் கொட்டிக்கிட்டுத்தான வந்திய? தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வலிக்குமா? தலைய ஆட்டினா நான் எப்பிடி எடுத்துக்கிட? ஆமான்னு ஆட்டுதியளா, இல்லேன்னு ஆட்டுதியளா?

சரி விடுங்க. உங்களச் சொல்லி என்ன.

ஆத்துப் பாலம் வந்துட்டு. அந்தா எந்திரிச்சுட்டா. திரும்பிப் பாக்கா பாருங்க, நான் வாறனான்னு. ஏட்டி, என்ன பார்வ? எறங்கத் தெரியாதா எனக்கு? நீ எறங்கு மொதல்ல.

கொஞ்சம் பொறுங்கம்மா, நகண்டுக்கிடுங்க. ஐயய்யோ. உக்காந்து பழக்கமில்லாத காலு பாருங்க, மரத்துப் போச்சு. தரையில வைக்க முடியல. நீங்க இருங்க, உங்க கையில பை இருக்கு.

ஏட்டி வடிவு! எல்லாத்தையும் செஞ்சுட்டு அங்க எதுக்கு நிக்க? இங்க வந்து தூக்கு.